வேலை பார்த்துக்கொண்டே கலைத்திட்டத்தில் முதுகலை: படித்து முடித்தவள் சொல்கிறேன்

முதலில் பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னிடம் பேசுகிற டீச்சர்கள் எல்லாருமே அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். சம்பளம் கூடும் என்று நினைத்து இந்தப் படிப்பில் சேராதீர்கள். மேல்படிப்பு முடித்தால் இன்கிரிமென்ட் என்ற பழைய வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டது. பிறகு ஒரே தடவை கொடுக்கிற தொகை என்று ஒன்று வந்தது, அதற்கும் நிபந்தனைகள் உண்டு. எனக்கு இதுவரை ஒரு ரூபாய் கூடவில்லை. ஆனாலும் இரண்டே முக்கால் வருட ஞாயிற்றுக்கிழமைகளையும், பாத்திரம் கழுவி வைத்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து எழுதிய அசைன்மென்ட்டுகளையும் கூட்டிப் பார்த்தால், சேர்ந்தது நல்லதுதான் என்று முழு மனதோடு சொல்வேன். பாடம் அவ்வளவு நல்ல பாடம். அதை நடத்திய விதத்தில்தான் நிறையக் குறை இருக்கிறது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் ஓர் அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியை. ஆறு, ஏழு, எட்டு மூன்றுக்கும் அறிவியல், பதினாறு வருடமாக. படித்தது எம்.ஏ. கல்வியியல், தொலைநிலையில், சிறப்புப் பாடம் கலைத்திட்டமும் (ஆங்கிலத்தில் கரிக்குலம் என்பார்கள்) கற்பித்தலும். பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதவில்லை. நான் பட்ட சிரமத்தில் பாதி எனக்கு வாய்த்த ஸ்டடி சென்டரால் வந்தது, இன்னொரு ஊரில் அதே படிப்பு ஒழுங்காக நடந்துகொண்டிருக்கலாம்.

ஏன் எம்.எட். போகவில்லை என்று கேட்பீர்கள். நெல்லையில் கல்வியியல் படிக்க இடத்துக்குப் பஞ்சமே கிடையாது. பாளையங்கோட்டையில் சேவியர்ஸ், இக்னேஷியஸ் கல்வியியல் கல்லூரிகள், அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் என்று எல்லாம் ஒரு மணி நேரப் பஸ் தூரத்துக்குள் இருக்கின்றன. ஆனால் ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுமமான என்.சி.டி.இ.யின் 2014 விதிமுறைகளுக்குப் பிறகு எம்.எட். இரண்டு வருட முழுநேரப் படிப்பு, வருடத்துக்கு 200 வேலை நாள், வாரத்துக்கு 36 மணி நேரம். சம்பளமில்லா விடுப்பு போட்டுவிட்டு இரண்டு வருடம் வீட்டை ஓட்ட முடிகிறவர்கள் தாராளமாக அதற்குப் போகலாம், நேரில் பேராசிரியரோடு உட்கார்ந்து பேசுகிற சுகம் தொலைநிலையில் கிடைக்காது. மகள் பத்தாவது, வீட்டுக்கடன் பாதியில் நிற்கிறது, எனக்கு அது முடியவில்லை, அவ்வளவுதான்.

ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொண்டு சேருங்கள். எம்.ஏ. கல்வியியலும் எம்.எட்.டும் ஒன்றல்ல. பி.எட். கல்லூரியில் அறிவியல் கற்பித்தல், கணிதம் கற்பித்தல் மாதிரியான தாள்களை எடுக்க வேண்டுமென்றால் அந்தப் பாடத்தில் முதுகலையும் எம்.எட்.டும் 55 சதவீதத்தோடு கேட்பார்கள். உளவியல், தத்துவம் போன்ற அடிப்படைத் தாள்களுக்கு மட்டும் பி.எட்.டோடு எம்.ஏ. கல்வியியல் போதும் என்று அதே 2014 விதிமுறைகளில் இருக்கிறது. முதுகலைப் பட்டதாரி ஆசிரியர் தேர்வு எழுத நினைக்கிறவர்களுக்கும் இது உதவாது, அதற்கு உங்கள் பாடத்திலேயே முதுகலை வேண்டும். எங்கள் பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர், தனியார் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறவர், இது தெரியாமல் பணம் கட்டப் போனார். முதலில் எம்.எஸ்சி. முடியுங்கள் தம்பி என்று நான்தான் தடுத்தேன். கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான நெட் தேர்வில் கல்வியியல் என்று தனிப் பாடமே இருக்கிறது, அந்த வழியில் போக நினைப்பவர்களுக்கு இது சரியான படிப்பு.

சரி, படிப்புக்குள் என்ன இருந்தது என்று வருகிறேன்.

முதல் தாளிலேயே எனக்கு ஓர் அடி விழுந்தது. கலைத்திட்டம், பாடத்திட்டம், பாடநூல் மூன்றையும் நான் அதுவரை ஒன்றாகவே நினைத்திருந்தேன். போர்ஷன் முடிந்துவிட்டது என்றால் வேலை முடிந்துவிட்டது. பாடநூல் என்பது ஒரு கருவி, பாடத்திட்டம் என்பது எதை எந்த வகுப்பில் என்ற பட்டியல். கலைத்திட்டம் அதைவிடப் பெரியது, ஒரு பிள்ளை பள்ளி வாசலுக்குள் நுழைந்ததிலிருந்து வெளியே போகிறவரை அங்கே அவளுக்கு நேர்கிற கற்றல் அனுபவம் எல்லாமும் அதில் அடங்கும். ரால்ஃப் டைலர் என்ற அமெரிக்கர் 1949-இல் நான்கு கேள்விகளை வைத்தார். எதற்காகக் கற்பிக்கிறோம், அதற்கு என்ன அனுபவங்களைக் கொடுக்கலாம், அவற்றை எப்படி வரிசைப்படுத்துவது, நோக்கம் நிறைவேறியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது. படிக்கும்போது இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அடுத்த நாள் பாடக்குறிப்பு எழுத உட்கார்ந்தபோது முதல் கேள்விக்கே என்னால் பதில் எழுத முடியவில்லை. அமில காரப் பாடத்தை எதற்காக நடத்துகிறேன்? புத்தகத்தில் இருக்கிறது, அதனால் நடத்துகிறேன் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் வரவில்லை. அன்றைக்கு ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை, உண்மையாகவே சொல்கிறேன்.

அப்புறம் ஓர் அசைன்மென்ட்டில் சொந்த வகுப்பையே கவனித்து எழுதச் சொல்லியிருந்தார்கள். எங்கள் தமிழ் டீச்சரைக் கடைசி பெஞ்சில் உட்காரச் சொல்லி, நான் கேட்கிற கேள்விகளை ஒரு தாளில் கோடு போட்டு எண்ணச் சொன்னேன். ஏழாம் வகுப்பு, வெப்பமும் வெப்பநிலையும், நாற்பது நிமிடம். பெல் அடித்ததும் தாளை நீட்டினார்கள். 43 கேள்வி. அதில் ஒரே சொல்லில் பதில் முடிகிறவை 38. ‘ஏன்’ என்று கேட்டவை இரண்டே இரண்டு, அந்த இரண்டுக்கும் பதில் சொன்னது நான்தான். “நீ கேட்டுட்டு பிள்ளைக மூச்சு விடுறதுக்குள்ள நீயே சொல்லிருதே” என்றார்கள் அக்கா. மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970-களிலேயே இதைச் சொல்லியிருக்கிறார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடி ஆக்கினால் பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, ‘தெரியாது’ குறைகிறது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேச ஆரம்பிக்கிறார்கள் என்று.

மூன்று நொடி என்பது கேட்கத்தான் சின்னது. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு விரல் விட்டு எண்ணினேன். முதல் வாரம் வகுப்பில் ஒரே அமைதி, பிள்ளைகள் நான் எதையோ மறந்துவிட்டேன் என்று நினைத்து என் முகத்தையே பார்த்தார்கள். மூன்றாவது வாரம், வெயிலில் அம்மிக்கல் சுடுகிறது, அதே முற்றத்தில் மண்பானைத் தண்ணீர் மட்டும் எப்படிக் குளிர்ந்திருக்கிறது என்று கேட்டுவிட்டு எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. காருகுறிச்சியிலிருந்து வருகிற ஒரு பையன், பானை செய்கிற வீட்டுப் பிள்ளை, ஆறாம் வகுப்பிலிருந்து என் வகுப்பில் தானாக வாயைத் திறந்ததே இல்லை, மெதுவாக எழுந்து, “பானைக்கு வேர்க்கும்லா டீச்சர், நமக்கு வேர்த்தா குளுந்துரும்லா, அது மாதிரி” என்றான். ஆவியாதல் என்ற சொல்லை நான் அதற்கு மேல் வைத்தால் போதுமானதாக இருந்தது. பச்சை மண்ணைத் தட்டும்போது எவ்வளவு மெல்லிசாகத் தட்ட வேண்டும், சூளையில் எவ்வளவு வேக வேண்டும், நன்றாகக் கசியாத பானையில் தண்ணீர் ஏன் அவ்வளவு குளிராது என்றெல்லாம் அவன் அன்றைக்குச் சொன்னதை நான் என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு வருடமாக என் முன்னாலேயே உட்கார்ந்திருந்தான், நான்தான் ஒரு நொடிக்கு மேல் காத்திருக்கவில்லை.

இந்தப் படிப்பின் அருமை இதுதான் என்று நினைக்கிறேன். வேலை பார்த்துக்கொண்டே படிப்பதால், ஞாயிற்றுக்கிழமை படித்ததைத் திங்கட்கிழமை முதல் பீரியடில் செய்து பார்க்கலாம். வேலைக்குப் போகாமல் பி.எட். முடித்த கையோடு இதைப் படித்திருந்தால் எனக்குப் பாதிதான் புரிந்திருக்கும். டைலர் ஒரு பெயராகவும் ஐந்து மதிப்பெண் கேள்வியாகவும் நின்றிருப்பார்.

இன்னொன்றையும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், என் ஆய்வேடே அதிலிருந்துதான் வந்தது. எட்டாம் வகுப்பு அறிவியலில் பயிர் மேலாண்மைப் பாடம் இருக்கிறது. காரிஃப் பயிர் மழைக்காலத்தில், நெல், மக்காச்சோளம். ராபி பயிர் குளிர்காலத்தில், கோதுமை, கொண்டைக்கடலை. எத்தனையோ வருடம் இதை அப்படியே போர்டில் இரண்டு கட்டமாகப் போட்டு எழுத வைத்திருக்கிறேன். தாமிரபரணிப் பாசனத்தில் எங்கள் பக்கத்து வயல்களுக்குக் கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வருகிறது. பாபநாசம் அணை திறந்து ஜூன் மாதம் கார் சாகுபடி, அப்புறம் ஐப்பசி மழையை ஒட்டிப் பிசானம். இரண்டுமே நெல்தான். ஒரு பிள்ளை எழுந்து, “டீச்சர், எங்க தாத்தா பிசானத்துக்கும் நெல்லுதான் போடுதாவ. புஸ்தகத்துல அந்த மாசத்துக்குக் கோதுமைன்னுல்லா போட்டிருக்கு?” என்று கேட்டாள். முன்பாக இருந்தால் பரீட்சைக்கு அதை எழுதாதே, புத்தகத்தில் உள்ளதை எழுது என்று உட்கார வைத்திருப்பேன். வைத்திருக்கிறேன், அதுதான் இப்போது நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது.

ஹில்டா டாபா என்பவரை அப்போதுதான் படித்துக்கொண்டிருந்தேன். டைலரோடு வேலை செய்தவர், ஆனால் 1962-இல் அவர் சொன்னது கொஞ்சம் வேறு. கலைத்திட்டத்தை மேலே உட்கார்ந்து எழுதிக் கீழே அனுப்பக் கூடாது, வகுப்பில் நிற்கிற ஆசிரியர் தன் பிள்ளைகளின் தேவையைக் கண்டறிந்து ஒரு சின்ன அலகாக ஆரம்பிக்க வேண்டும் என்றார். பாடநூலை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் ஒரு அலகை எப்படி எடுப்பது என்பது என் கையில்தான் இருக்கிறது. விக்கின்ஸ், மெக்டை என்ற இரண்டு கல்வியாளர்கள் 1998-இல் சொன்ன பின்னோக்கிய திட்டமிடலை வைத்து அந்தப் பாடத்தைத் திரும்ப எழுதினேன். முதலில் பிள்ளை கடைசியில் என்ன புரிந்திருக்க வேண்டும், ஒரு பயிர் எந்த மாதத்தில் வருகிறது என்பதை மழையும் தண்ணீரும் வெயிலும் எப்படி முடிவு செய்கின்றன என்பது. அடுத்து, புரிந்ததற்கு எது சாட்சி, தன் ஊருக்கு ஒரு சாகுபடிக் காலண்டர் அவளே போட்டு, பஞ்சாபில் அது ஏன் வேறாக இருக்கிறது என்று விளக்குவது. கடைசியில்தான் அதற்கு என்ன செயல்பாடு என்பது. நான் இத்தனை நாளும் செயல்பாட்டில் ஆரம்பித்து, சாட்சிக்கு ஒரு ஸ்லிப் டெஸ்ட் வைத்து, நோக்கத்தைப் பாடக்குறிப்புக்காக எழுதிக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகள் வீட்டில் தாத்தா, ஆச்சியிடம் கேட்டு வந்தார்கள். ஒரு சார்ட் பேப்பரில் பெரிய வட்டம், உள்ளே சித்திரை முதல் பங்குனி வரை பன்னிரண்டு கட்டம், வெளி வளையத்தில் ஆங்கில மாதம். நாற்றங்கால், நடவு, களை, அறுப்பு, மழை, அணை திறப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். வீட்டில் வயல் இல்லாத பிள்ளைகள் பத்தமடைப் பாய்க்குக் கோரை அறுக்கிற மாதத்தையும், வீட்டில் பீடி சுற்றுகிற பிள்ளைகள் மழைக்காலத்தில் இலை காயாமல் அம்மா படுகிற பாட்டையும் எழுதி ஒட்டினார்கள். அதன் பிறகு காரிஃப், ராபி என்ற சொற்களைக் கொடுத்தேன், எது எதோடு ஒத்துப் போகிறது, எங்கே ஒத்துப் போகவில்லை, ஏன் என்று அவர்களே சண்டை போட்டுக் கண்டுபிடித்தார்கள். வடகிழக்குப் பருவமழை நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் தருகிற தண்ணீர் பஞ்சாபுக்குக் கிடையாது, அங்கே உள்ள குளிர் நமக்குக் கிடையாது, அதனால் அவர்களுக்குக் கோதுமை நமக்குப் பிசான நெல். பரீட்சையில் புத்தகக் கேள்விக்கும் சரியாகவே எழுதினார்கள், அந்தப் பயம் தேவையில்லை.

மறைமுகக் கலைத்திட்டம் என்று ஒரு பகுதி. ஃபிலிப் ஜாக்சன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1968-இல் வைத்த பெயர். நாம் சொல்லிக் கொடுக்காமலே பள்ளி சொல்லிக் கொடுத்துவிடுகிற விஷயங்கள். ஒரு வாரம் கவனித்து எழுதச் சொன்னார்கள். லேப் சாமான் தூக்கி வர நான் கூப்பிட்டது எல்லாம் பையன்கள் பெயர், வகுப்பைப் பெருக்கக் கூப்பிட்டது எல்லாம் பெண் பிள்ளைகள் பெயர். ஐந்து நாளும். யாரும் என்னிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. இப்போது இரண்டுக்கும் வருகைப் பதிவேட்டு வரிசைப்படி முறை வைத்திருக்கிறேன், பெரிய டீச்சரிடம் சொன்னதும் பள்ளி முழுக்க அதையே ஆக்கிவிட்டார்கள்.

இவ்வளவு நல்ல பாடத்தில் குறை என்னவென்றால், கொடுத்த புத்தகங்களில் நம் ஊர் இல்லை. தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005 பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது, நல்லது, வேண்டியதுதான். ஆனால் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்துப் பிறகு மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றல், ஏணிப்படியும் அட்டைகளுமாக நாங்களே மாரடித்தது, அதைப் பற்றி ஒரு பத்திகூட இல்லை. சமச்சீர் கல்வி இல்லை. முப்பருவமும் தொடர் மதிப்பீடும், வகுப்புச் செயல்பாடுகளுக்கு நாற்பது, பருவத் தேர்வுக்கு அறுபது என்ற அந்தக் கணக்கும் இல்லை. 2022-இல் தொடக்க வகுப்புகளுக்கு வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் இல்லை. தமிழ்நாட்டு ஆசிரியர் ஒருவர் கலைத்திட்டம் படிக்கிறார் என்றால் அவர் கையால் செய்து பார்த்த மாற்றங்களை வைத்துத்தானே முதலில் யோசிப்பார்? அதை எல்லாம் நாமே தேடிச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. உள்ளடக்கிய கல்வி பற்றிய தாளில் உதாரணமெல்லாம் எங்கெங்கோ இருந்து வந்தது. பாளையங்கோட்டையிலேயே 1890-இல் பார்வையற்றோருக்கும் 1897-இல் காது கேளாதோருக்கும் பள்ளி ஆரம்பித்திருக்கிறார்கள். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வழி பொருந்தாது என்பதை நூற்றிருபது வருடத்துக்கு மேலாகச் செய்து காட்டுகிற ஊர் பஸ்ஸில் முக்கால் மணி நேரத்தில் இருக்கிறது. நான் என் அசைன்மென்ட்டை அதை வைத்துத்தான் எழுதினேன்.

மொழிப் பிரச்சினையும் உண்டு. புத்தகம், தேர்வு எல்லாம் ஆங்கிலம். நான் தமிழ் வழியில் படித்து வந்தவள், ஆங்கிலம் படித்தால் புரியும், எழுத வேகம் வராது. முதல் தேர்வில் மூன்று மணி நேரத்தில் கடைசி இரண்டு கேள்வியைத் தொடவே முடியவில்லை. அதற்குப் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொரு பகுதியையும் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, எங்கள் தமிழ் டீச்சர் அக்காவுக்குச் சொல்வதுபோல ஒரு பக்கம் தமிழில் எழுதிவிடுவேன், பிறகு அதை ஆங்கிலத்தில் எழுதிப் பார்ப்பேன். இரட்டை வேலைதான், ஆனால் அந்தத் தமிழ் நோட்டு இப்போதும் என் மேசையில் இருக்கிறது, ஆங்கில நோட்டு எங்கே கிடக்கிறது என்று தெரியவில்லை.

இனி சேவைக் குறைகள். முதல் வருடப் புத்தகங்கள், முதல் அசைன்மென்ட் கொடுக்க வேண்டிய தேதிக்கு ஒன்பது நாள் கழித்து வந்தன. இணையத்தில் பி.டி.எஃப். இருந்ததால் தப்பித்தேன், தெருமுனை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தே நிறையப் பணம் போனது. ஞாயிறு வகுப்பு என்று அட்டவணை வரும். காலையில் செங்கோட்டைப் பக்கமிருந்து வருகிற பாசஞ்சர் ரயிலைப் பிடித்து ஜங்ஷனில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்துப் போனால், கதவில் பூட்டுத் தொங்கும். மூன்று தடவை இப்படி. ஒரு மெசேஜ் அனுப்ப என்ன கஷ்டம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. தென்காசியிலிருந்து கைக்குழந்தையோடு வந்த ஒரு டீச்சர் அந்தப் பூட்டின் முன்னால் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார்கள், அதை நான் மறக்க மாட்டேன். நடந்த வகுப்புகள் மோசம் இல்லை, குறிப்பாக மதிப்பீட்டுத் தாள் எடுத்த ஐயா தேர்வுத்தாளை எப்படி வடிவமைப்பது என்று எங்கள் பள்ளி வினாத்தாள்களையே வைத்து அக்குவேறு ஆணிவேறாகக் காட்டினார். அப்படி ஒருவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

அசைன்மென்ட் மதிப்பெண் விஷயம் அதைவிட மோசம். கொடுத்து எட்டு மாதமாகியும் மதிப்பெண் பட்டியலில் ஏறவில்லை. நான்கு தடவை நேரில் போனேன். அனுப்பிவிட்டோம் என்று சென்டரிலும், வரவில்லை என்று மேலேயும் சொன்னார்கள். நான் கொடுத்தபோது வாங்கிய ரசீதுதான் என்னைக் காப்பாற்றியது. ரசீதில்லாமல் ஒரு தாளையும் கொடுக்காதீர்கள், கொடுக்கும் முன் முழுவதையும் போனில் படம் எடுத்து வையுங்கள். என்னோடு சேர்ந்தவர்களில் இரண்டு பேர் திரும்ப எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஆய்வேட்டில்தான் முக்கால் வருடம் போனது. கார் பிசானம் பாடத்தை வைத்து, 34 பிள்ளைகள், எட்டு வாரம், சொந்த வகுப்பிலேயே செய்து பார்க்கிற செயல் ஆராய்ச்சி என்று முன்வரைவு அனுப்பினேன். இரண்டு முறை திரும்பி வந்தது, இரண்டு முறையும் ‘நோக்கங்கள் தெளிவில்லை’ என்று ஒரே ஒரு வரி. எது தெளிவில்லை என்று யாரிடம் கேட்பது? கடைசியில் பாளையில் ஓய்வு பெற்ற ஒரு பேராசிரியை, தெரிந்தவர் மூலமாகப் போய்ப் பார்த்தேன், வழிகாட்டியாக இருக்கச் சம்மதித்தார்கள். என் ஐந்து நோக்கங்களைப் படித்துவிட்டு, “இதுல எதை நீ அளக்கப் போற, எதைக் கவனிக்கப் போற, ரெண்டையும் பிரிம்மா” என்றார்கள். அந்த ஒரு வாக்கியத்தைப் பல்கலைக்கழகம் முதல் தடவையே எழுதி அனுப்பியிருந்தால் எனக்கு ஆறு மாதம் மிச்சம். ஆகவே சேர்ந்த முதல் மாதத்திலேயே வழிகாட்டியைத் தேட ஆரம்பித்துவிடுங்கள், இரண்டாம் வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

டெக்சாஸில் இருக்கிற என் சித்தி மகளும் இதே துறையில் முதுகலை படிக்கிறாள், அங்கே கலைத்திட்டமும் கற்பித்தலும் என்பதே பட்டத்தின் பெயர். பெரும்பாலும் 30-லிருந்து 36 கிரெடிட், நிறைய இடங்களில் முழுக்க இணையத்திலேயே படிக்கலாம். அந்த நாட்டில் பல பள்ளி மாவட்டங்களில் முதுகலை இருந்தால் சம்பளமும் ஏறும். நாங்கள் இரண்டு பேரும் ஒரே டைலரையும் டாபாவையும் படித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போனில் பேசிக்கொண்டிருந்தோம். அவளுக்கு ஒவ்வொரு வாரமும் பேராசிரியர் எழுதிய கருத்தோடு கட்டுரை திரும்பி வரும். எனக்கு இரண்டே முக்கால் வருடத்தில் அப்படி வந்தது இரண்டு முறை. கட்டணத்தில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம், அது உண்மை. எனக்குக் கட்டணம் மொத்தமும் ஒரு மாதச் சம்பளத்துக்குள் முடிந்தது. இருந்தாலும், படிக்கிறவர் எழுதியதை ஒருவர் படித்துப் பதில் எழுதுவதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. நாங்கள் வாரம் நூறு நோட்டுத் திருத்துகிறோமே.

சேர நினைப்பவர்கள் அந்தப் பல்கலைக்கழகமும் அந்தக் குறிப்பிட்ட படிப்பும் யு.ஜி.சி. தொலைநிலைக் கல்விப் பிரிவின் பட்டியலில் அந்த வருடத்துக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள், ஏஜென்ட் சொல்வதை நம்ப வேண்டாம். 2024-லிருந்து தொலைநிலையில் சேர டெப் ஐ.டி. (டெப் என்பது அந்தப் பிரிவின் ஆங்கிலச் சுருக்கம்) என்று ஒன்று எடுக்க வேண்டும், அதை நாமேதான் எடுக்க வேண்டும். பணியில் இருப்பவர்கள் சேரும் முன்பே பள்ளி நிர்வாகம் வழியாகத் துறை அனுமதி வாங்கிவிடுங்கள், பிறகு பணிப்பதிவேட்டில் ஏற்ற அலைய வேண்டியிருக்காது. வீட்டில் ஒருவராவது துணை இருக்க வேண்டும். எனக்கு என் அத்தை இருந்தார்கள், பரீட்சை மாதங்களில் அடுப்படிப் பக்கமே என்னை விடவில்லை.

பாடத்துக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். நடத்திய விதத்துக்கு ஒன்றரை, அதுவும் அந்த மதிப்பீட்டுத் தாள் ஐயாவுக்காக.

போன வாரம் பாபநாசம் அணை திறந்தார்கள். எட்டாம் வகுப்புச் சுவரில் அந்த வட்டக் காலண்டர் இன்னும் இருக்கிறது, ஓரம் கொஞ்சம் கிழிந்து டேப் ஒட்டியிருக்கிறோம். ஆனிக் கட்டத்தில் ‘கன்னடியனில் தண்ணீர் வந்த நாள்’ என்று ஓர் இடம் விட்டிருந்தோம். அந்தப் பிள்ளைகள் எல்லாம் இப்போது வேறு வேறு ஹைஸ்கூலில் இருக்கிறார்கள். இந்த வருடத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் காலையில் வரும்போதே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் வரை நனைந்து வந்தார்கள், “டீச்சர், வந்துட்டு” என்று சொல்லிவிட்டு, நான் கேட்காமலே ஸ்கெட்ச் பேனாவை எடுத்துத் தேதியை எழுதினார்கள்.